வரிப்பணமும் வழிபாடும்



அமெரிக்காவில் அரசையும் திருச்சபையையும் பிரித்து நிறுத்திய கொள்கை எப்படிப் பிறந்தது, பள்ளிக்கூட வாசலில் அது எப்படிச் சோதனைக்கு உள்ளானது, இன்று எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். மிகச் சமீபத்தில் நடந்த ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன்.

2025 மே 22ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓரிரு வரிகளில் ஒரு தீர்ப்பை வெளியிட்டது. நீதிபதிகள் நான்குக்கு நான்கு என்று சமமாகப் பிரிந்துவிட்டார்கள். ஆகவே கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பு அப்படியே நிலைக்கும் என்பதுதான் அதன் சாரம். ஒன்பதாவது நீதிபதி ஏமி கோனி பாரெட் வழக்கிலிருந்து விலகியிருந்தார். வழக்கு ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்தது. அங்குள்ள இரண்டு கத்தோலிக்க மறைமாவட்டங்கள் சேர்ந்து, புனித இசிதோர் பெயரில் இணையவழிப் பள்ளி ஒன்றைச் சார்ட்டர் பள்ளியாக நடத்த விரும்பின. 2023 ஜூனில் மாநில வாரியம் அனுமதியும் கொடுத்தது. சார்ட்டர் பள்ளி என்றால் நிர்வாகம் தனியாரிடம், செலவு அரசிடம். ஓக்லஹோமா சட்டம் அதைப் பொதுப்பள்ளி என்றே சொல்கிறது. அரசுப் பள்ளி என்ற பெயரோடு, முழுக்க அரசுப் பணத்தில், கத்தோலிக்க மறைக்கல்வி போதிக்கும் பள்ளி நடக்கலாமா என்பதுதான் கேள்வி. கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2024இல் சொன்னது. அந்தப் பள்ளியை எதிர்த்து வழக்கைக் கொண்டுபோனவர் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் ஜென்ட்னர் டிரம்மண்ட். அவர் குடியரசுக் கட்சிக்காரர். இன்று ஒரு சமயத்துக்குக் கதவைத் திறந்தால், நாளை மக்கள் விரும்பாத சமயங்களுக்கும் அதே பணத்தைக் கொடுத்தாக வேண்டிவரும் என்று அவர் எச்சரித்தார்.

ஒரே ஒரு வாக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்திருந்தால், இருநூறு ஆண்டு வாதம் ஒரு முடிவுக்கு வந்திருக்கும். வரவில்லை. சமமாகப் பிரிந்த தீர்ப்பு வேறு வழக்குகளுக்கு முன்மாதிரியாகாது. எனவே இதே கேள்வி திரும்ப வரும். அது வரும்போது எந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதைத்தான் நான் இன்று உங்கள் முன் வைக்கப்போகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கே பொதுப்பணம் போகிறதோ அங்கே பொதுவிதியும் போக வேண்டும். விதியை ஏற்காத பள்ளிக்கு இயங்கும் உரிமை உண்டு; வரிப்பணத்தைக் கேட்கும் உரிமை இல்லை.

சுவரைக் கேட்டவர்கள் யார்?

அரசையும் சமயத்தையும் பிரிக்கச் சொன்னவர்கள் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. வரலாறு வேறு கதை சொல்கிறது.

விடுதலைக்கு முன் வர்ஜீனியாவில் ஆங்கிலிக்கன் திருச்சபைதான் அரசுத் திருச்சபை. அதன் குருமார்களுக்கு எல்லோருடைய வரியிலிருந்தும் சம்பளம். பாப்டிஸ்ட் போதகர்கள் உரிமம் வாங்காமல் பிரசங்கம் செய்தார்கள் என்பதற்காகச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். கல்பெப்பர் சிறையில் அடைபட்டிருந்தவர்கள் சன்னல் கம்பிகளுக்குப் பின்னால் நின்று வெளியே கூடிய மக்களுக்குப் போதித்தார்கள். பக்கத்து மாவட்டத்தில் வாழ்ந்த இளைஞர் ஜேம்ஸ் மாடிசன் இதைக் கண்டு மனம் வெதும்பி 1774இல் தன் நண்பருக்குக் கடிதம் எழுதினார். பின்னாளில் அரசியலமைப்பின் சிற்பி என்றும் நாட்டின் நான்காவது அதிபர் என்றும் அறியப்பட்டவர் அவர்.

விடுதலை கிடைத்த பிறகு, 1784இல் வர்ஜீனியாவில் பாட்ரிக் ஹென்றி ஒரு மசோதாவை முன்வைத்தார். கிறித்தவப் போதகர்களுக்கு ஊதியம் கொடுக்க எல்லோரிடமும் ஒரு வரி வசூலிக்க வேண்டும் என்பது அது. இந்த மசோதாவைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள், ஏனென்றால் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு பெற்றோருக்குப் பணம் கொடுக்கும் இன்றைய வவுச்சர் திட்டங்களின் தாத்தா அது. வரி செலுத்துபவரே தன் பணம் எந்தக் கிறித்தவப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று குறிப்பிடலாம். எந்தப் பிரிவையும் குறிப்பிடாதவரின் பணம் கல்விக்கூடங்களுக்குப் போகும். பார்ப்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! தேர்வு குடிமகனுடையது, அரசு எந்தப் பிரிவின் பக்கமும் சாயவில்லை. ஜார்ஜ் வாஷிங்டனே இப்படிப்பட்ட வரியைக் கண்டு அஞ்சவில்லை.

மாடிசன் அஞ்சினார். 1785இல் பெயர் போடாமல் ஒரு எதிர்ப்பு மனு எழுதினார். அதன் வாதம் மிக எளியது. ஒரு சமய நிறுவனத்துக்காக ஒரு குடிமகனிடமிருந்து மூன்றே பென்ஸ் காசை வற்புறுத்தி வாங்க அரசுக்கு அதிகாரம் உண்டென்றால், எதையும் வற்புறுத்த அதற்கு அதிகாரம் உண்டு. தொகை சிறியதா பெரியதா என்பது கேள்வியே இல்லை. இன்னொன்றும் சொன்னார்: அரசின் ஆதரவில் வளர்ந்த சமயம் பல நூற்றாண்டுகளாகத் தந்த பலன், குருமார்களிடம் செருக்கும் சோம்பலும், மக்களிடம் அடிமைத்தனமும்தான். சமயத்தின் நலனுக்காகவே அவர் இதைச் சொன்னார்.

மாடிசனின் மனுவில் சேர்ந்த கையெழுத்துகளைவிட, சமயப் பற்று மிக்க எளிய மக்கள் சுற்றுக்கு விட்ட இன்னொரு மனுவில் சேர்ந்த கையெழுத்துகள் அதிகம். பாப்டிஸ்ட் சபைகள் அதில் முன்நின்றன. சிறைக்கம்பியைப் பார்த்தவர்களுக்கு அரசின் பணம் எதைக் கூட்டிக்கொண்டு வரும் என்று தெரிந்திருந்தது. ஹென்றியின் மசோதா மடிந்தது. அந்த இடத்தில், தாமஸ் ஜெஃபர்சன் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருந்த சமயச் சுதந்திரச் சட்டம் 1786 ஜனவரியில் நிறைவேறியது. அரசியலமைப்பின் முதல் திருத்தம் 1791இல் வந்தது. சமயத்தை நிறுவும் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது, சமயத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையைத் தடுக்கவும் கூடாது என்று அதில் இரண்டு பகுதிகள். இன்றுவரை நடக்கும் சண்டை முழுவதும் இந்த இரண்டு பகுதிகளுக்கும் இடையில்தான்.

திருச்சபைக்கும் அரசுக்கும் நடுவில் பிரிக்கும் சுவர் என்ற புகழ்பெற்ற சொற்றொடரை, அப்போது அதிபராக இருந்த ஜெஃபர்சன் 1802 ஜனவரி 1 அன்று எழுதினார். யாருக்கு? கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி நகரப் பாப்டிஸ்டுகளுக்கு. அந்த மாநிலத்தில் அப்போதும் வேறொரு பிரிவுதான் அரசுத் திருச்சபையாக இருந்தது. 1818 வரை இருந்தது. சிறுபான்மையாக இருந்த அந்த பக்தர்கள் தங்கள் குறையை அதிபரிடம் சொன்னபோது கிடைத்த பதில் அது.

பொதுப்பள்ளியின் பழைய பாவம்

இனி, பிரிவினையை ஆதரிக்கும் என்னைப் போன்றவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டிய பகுதிக்கு வருகிறேன்.

19ஆம் நூற்றாண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹொரேஸ் மான் போன்றவர்கள் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான பள்ளி வேண்டும் என்று பாடுபட்டார்கள். உயர்ந்த நோக்கம். ஆனால் அந்தப் பொதுப்பள்ளியில் தினமும் பைபிள் வாசிக்கப்பட்டது. புராட்டஸ்டண்டுகளின் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு வாசிக்கப்பட்டது. புராட்டஸ்டண்ட் முறை ஜெபம் சொல்லப்பட்டது. யாருக்கும் சார்பில்லாத பொதுவான கிறித்தவம் என்று பெரும்பான்மையினர் அதை நினைத்தார்கள். அயர்லாந்தின் பஞ்சத்திலிருந்து தப்பி வந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அது அயலவர் மதம்.

1859 மார்ச்சில் பாஸ்டன் நகரின் எலியட் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். தாமஸ் வால் என்ற கத்தோலிக்கச் சிறுவனைப் பத்துக் கட்டளைகளை ஒப்பிக்கச் சொன்னார்கள். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் அந்தக் கட்டளைகளை வேறு வேறு விதமாகப் பிரித்து எண்ணுகிறார்கள், வாசகமும் வேறுபடும். தன் வீட்டில் கற்ற முறைக்கு மாறாகச் சொல்ல மாட்டேன் என்றான் சிறுவன். ஆசிரியர் பிரம்பை எடுத்து அவன் கைகளில் அடித்தார். ஓர் அடி, இரண்டு அடி அல்ல. ஏறத்தாழ அரை மணி நேரம், கைகள் வெட்டுப்பட்டு வீங்கும் வரை. அதே கட்டளையைச் சொல்ல மறுத்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பள்ளியை விட்டு அனுப்பப்பட்டார்கள். வழக்குப் போனது. நீதிமன்றம் ஆசிரியரை விடுவித்தது. அந்தப் பள்ளியின் செலவு அந்தச் சிறுவனுடைய பெற்றோரின் வரியிலிருந்தும் வந்தது என்பதை நினைத்துப்பாருங்கள்.

அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே, 1844இல், பிலடெல்பியாவில் இதே பைபிள் தகராறு கலவரமாக வெடித்தது. கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் மொழிபெயர்ப்பை வாசிக்க அனுமதி வேண்டும் என்று ஆயர் பிரான்சிஸ் கென்ரிக் கேட்டிருந்தார். பள்ளிகளிலிருந்து பைபிளையே அகற்றப்பார்க்கிறார்கள் என்று வதந்தி பரவியது. புனித மிக்கேல் ஆலயமும் புனித அகுஸ்தீன் ஆலயமும் தீக்கிரையாயின. உயிர்கள் போயின. நியூயார்க்கில் ஆயர் ஜான் ஹியூஸ், பொதுப்பணத்தில் எங்கள் பள்ளிகளுக்கும் பங்கு கொடுங்கள் என்று 1840இல் கேட்டார், கிடைக்கவில்லை. கடைசியில் 1884இல் பால்டிமோரில் கூடிய கத்தோலிக்க ஆயர்கள், ஒவ்வொரு பங்குத்தளத்திலும் இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு பள்ளி கட்ட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். கூலிக்காரர்களும் வீட்டு வேலைக்காரப் பெண்களும் கொடுத்த காசில் அந்தப் பள்ளிகள் எழுந்தன.

இதற்கு நடுவில், 1875 டிசம்பரில் ஜேம்ஸ் பிளெய்ன் என்ற அரசியல்வாதி, சமயப் பிரிவுகளின் பள்ளிகளுக்கு வரிப்பணம் போகக் கூடாது என்று அரசியலமைப்பைத் திருத்த முயன்றார். கீழவையில் 180க்கு 7 என்று நிறைவேறியது. மேலவையில் தேவையான மூன்றில் இரு பங்கு கிடைக்காமல் தோற்றது. ஆனால் 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே கருத்தைத் தங்கள் அரசியலமைப்பில் சேர்த்துக்கொண்டன. அவற்றுக்கு ஆதரவு தந்த எல்லோர் மனத்திலும் வெறுப்பு இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கத்தோலிக்க வெறுப்பு அந்த அலையில் பலமாகக் கலந்திருந்தது என்பதை மறுக்க முடியாது. பள்ளிகளில் புராட்டஸ்டண்ட் ஜெபம் நடந்துகொண்டே இருக்க, கத்தோலிக்கப் பள்ளிக்கு மட்டும் காசில்லை என்றால் அதற்குப் பெயர் பிரிவினை அல்ல. ஒரு தரப்பின் ஆதிக்கம். பொதுப்பள்ளியிலிருந்து அரசு எழுதிய ஜெபம் விலக 1962 வரையிலும், பைபிள் வாசிப்புச் சடங்கு விலக 1963 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றத்தின் அந்த இரண்டு தீர்ப்புகளுக்குப் பிறகுதான் அமெரிக்கப் பொதுப்பள்ளி உண்மையிலேயே எல்லோருக்கும் பொதுவானது.

பேருந்து, பாடநூல், வேன்

பணம் பற்றிய நவீன வழக்கு 1947இல் வந்தது. நியூ ஜெர்சியின் யூயிங் என்ற ஊரில், பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆகும் பேருந்துக் கட்டணத்தைப் பெற்றோருக்கு ஊராட்சிக் கல்விக் குழு திருப்பிக் கொடுத்தது. கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் கொடுத்தது. ஆர்ச் எவர்சன் என்ற வரி செலுத்துநர் வழக்குத் தொடுத்தார். நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய தீர்ப்பு இரண்டு காரியங்களைச் செய்தது. ஜெஃபர்சனின் சுவர் மாநிலங்களையும் கட்டுப்படுத்தும், அதில் சிறு விரிசலுக்கும் இடமில்லை என்றது. அதே மூச்சில், பேருந்துக் கட்டணம் கொடுப்பது செல்லும் என்றும் சொன்னது. தெருவில் பிள்ளைகளின் பாதுகாப்பு எல்லோருக்கும் பொதுவானது. தீயணைப்பு வண்டி தேவாலயத்துக்கும் வரும் அல்லவா என்பது அதன் நியாயம். ஐவர் இந்தப் பக்கம், நால்வர் அந்தப் பக்கம். மாறுபட்ட நீதிபதிகளில் ஒருவரான ரட்லெட்ஜ், மாடிசனின் மனு முழுவதையும் தன் கருத்தோடு இணைத்து வைத்தார்.

அதன் பிறகு கோடு எங்கே என்று தேடுவதிலேயே அரை நூற்றாண்டு கழிந்தது. பாடநூலை இலவசமாகக் கொடுக்கலாம் என்று 1968இல் தீர்ப்பு. தேசப்படங்களையும் கற்பித்தல் கருவிகளையும் கொடுக்கக் கூடாது என்று 1975இல் தீர்ப்பு. 1971இல் வந்த லெமன் வழக்கு மிக முக்கியமானது. ரோட் ஐலண்ட் மாநிலம் தனியார் பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்தோடு 15 சதவீதம் வரை அரசுப்பணம் சேர்த்துக் கொடுத்தது. விண்ணப்பித்த சுமார் 250 ஆசிரியர்களும் கத்தோலிக்கப் பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். அந்த ஆசிரியர்கள் வகுப்பில் சமயத்தைக் கலக்கிறார்களா என்று அரசு ஓயாமல் கண்காணிக்க வேண்டியிருக்கும். அந்தக் கண்காணிப்பே அரசையும் திருச்சபையையும் ஒன்றோடொன்று சிக்கவைக்கும் என்று நீதிமன்றம் தடுத்தது.

இந்தக் கோட்டைத் தேடும் வேலை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு நியூயார்க் நகரம் சாட்சி. ஏழைக் குடும்பங்களின், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கூடுதல் வகுப்பு எடுக்க, மத்திய அரசின் பணத்தில் பொதுப்பள்ளி ஆசிரியர்கள் சமயப் பள்ளிகளுக்குப் போய்வந்தார்கள். கணக்கும் வாசிப்பும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 1985இல் உச்ச நீதிமன்றம் அது கூடாது என்றது. நகர நிர்வாகம் என்ன செய்தது? வேன்களை வாடகைக்கு எடுத்து அவற்றை வகுப்பறைகளாக்கியது. பள்ளிக்கு வெளியே தெருவில் வேன் நிற்கும். பிள்ளைகள் வகுப்பை விட்டு எழுந்து, வாசலைத் தாண்டி, வேனில் ஏறி, கணக்குப் போட்டுவிட்டு, திரும்பவும் உள்ளே போவார்கள். அதே ஆசிரியர், அதே பிள்ளை, அதே பாடம். இந்த ஏற்பாட்டுக்காகச் சில ஆண்டுகளில் 9 கோடி டாலருக்கும் மேல் செலவானது. பிள்ளைகளின் புத்தகத்துக்குப் போயிருக்க வேண்டிய பணம் அது. 1997இல் நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தானே கைவிட்டது. அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். அரசின் ஆசிரியர், அரசின் பாடத்தை, எந்தக் கூரையின் கீழ் நின்று நடத்தினாலும் அது சமயப் போதனையாகிவிடாது. சுவர் என்ற கொள்கையைக் காப்பதாக நினைத்துக்கொண்டு ஏழைப் பிள்ளையைத் தெருவில் இறக்கினால், மக்கள் அந்தக் கொள்கையையே வெறுக்கத் தொடங்குவார்கள். தொடங்கினார்கள்.

'கொடுக்கலாம்' என்பதிலிருந்து 'கொடுத்தாக வேண்டும்' வரை

அடுத்த திருப்பம் கிளீவ்லாந்தில். அந்த நகரப் பள்ளிகள் சீரழிந்துபோய், 1995இல் நீதிமன்ற உத்தரவால் மாநிலத்தின் பொறுப்பில் விடப்பட்டன. ஏழைப் பெற்றோருக்கு ஆண்டுக்கு 2,250 டாலர் வரை வவுச்சர் கொடுத்து, எந்தப் பள்ளியில் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது மாநிலம். 1999-2000 கல்வியாண்டில் அந்த வவுச்சரைப் பயன்படுத்திய 3,700 பிள்ளைகளில் 96 சதவீதம் பேர் சமயப் பள்ளிகளில் சேர்ந்தார்கள். சுற்றியுள்ள வசதியான புறநகர்ப் பொதுப்பள்ளிகள் இந்தத் திட்டத்தில் சேர முன்வரவே இல்லை. 2002இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று இதை அனுமதித்தது. பணம் அரசிடமிருந்து திருச்சபைக்கு நேராகப் போகவில்லை, பெற்றோரின் சொந்தத் தேர்வின் வழியாகப் போகிறது என்பது காரணம். 1784இல் ஹென்றி சொன்ன அதே காரணம்.

அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். கூரை ஒழுகும், ஆசிரியர் வராத பள்ளிக்கு எந்தத் தாய் தன் பிள்ளையை அனுப்புவாள்? குறை சொல்ல வேண்டியது, பக்கத்துப் புறநகரின் கதவைத் திறக்காமல் வைத்துக்கொண்டு, ஏழைக்குச் சமயப் பள்ளியை விட்டால் வேறு வழியில்லாமல் செய்த ஏற்பாட்டைத்தான். ஒரே ஒரு கதவு திறந்திருக்கும்போது அதன் வழியே நுழைவதைத் தேர்வு என்று சொல்லலாமா?

2002 வரை கேள்வி, மாநிலம் விரும்பினால் கொடுக்கலாமா என்பதாக இருந்தது. 2017க்குப் பிறகு கேள்வி மாறியது. மிசௌரியில் ஒரு லூத்தரன் தேவாலயம் நடத்திய மழலையர் பள்ளி, பிள்ளைகள் விழுந்தால் அடிபடாதபடி விளையாட்டுத் திடலுக்குப் பழைய டயர் ரப்பரால் தரை போட அரசின் உதவி கேட்டது. தேவாலயம் என்பதால் மாநிலம் மறுத்தது. அந்த மறுப்பு சமயப் பாகுபாடு என்றது நீதிமன்றம். பிள்ளைகளின் முழங்கால் காயத்தில் சமயம் இல்லை என்பதால் ஏழு நீதிபதிகள் உடன்பட்டார்கள். ஆனால் 2020இல் மொன்டானா வழக்கில் இதே வாதம் பள்ளிக் கட்டண உதவித்தொகைக்கு நீட்டப்பட்டது. 2022இல் மெய்ன் மாநில வழக்கில் இன்னும் ஒரு படி ஏறியது.

மெய்ன் மாநிலத்தில் காடும் சிற்றூர்களும் அதிகம். பாதிக்கும் மேற்பட்ட பள்ளி நிர்வாகப் பகுதிகளில் சொந்தமாக உயர்நிலைப் பள்ளி இல்லை. ஆகவே பிள்ளைகள் வேறு ஊர்ப் பொதுப்பள்ளியிலோ தனியார் பள்ளியிலோ படிக்க அரசு கட்டணம் செலுத்துகிறது. 1981 முதல் சமயப் போதனைப் பள்ளிகளுக்கு மட்டும் இந்தப் பணம் கிடைக்காமல் இருந்தது. இந்த விலக்கு செல்லாது என்று ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். தனியார் பள்ளிக்குப் பணம் கொடுக்கும் மாநிலம், சமயப் பள்ளி என்பதற்காக மறுக்கக் கூடாது என்றார்கள். வழக்கில் பெயர் வந்த இரண்டு பள்ளிகளில் ஒன்றின் ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடத்தின் நோக்கங்களில் ஒன்று, இஸ்லாத்தின் போதனைகளைக் கடவுளின் வார்த்தையால் மறுப்பது. அது அவர்களுடைய நம்பிக்கை. அதைப் போதிக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் மெய்ன் மாநிலத்தின் ஒரு முஸ்லிம் தொழிலாளி செலுத்தும் வரி, தன் மார்க்கம் பொய் என்று கற்பிக்கும் வகுப்பறைக்குப் போவதை எப்படி நியாயப்படுத்துவது? மாடிசனின் மூன்று பென்ஸ் இதுதான். தீர்ப்புக்கு முன்பே மெய்ன் தன் சட்டத்தைத் திருத்தி, பணம் பெறும் பள்ளிகள் மாணவர் சேர்க்கையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று நிபந்தனை போட்டது. அந்த நிபந்தனையும் எங்கள் சமய உரிமையைப் பறிக்கிறது என்று புதிய வழக்குகள் எழுந்தன. பணமும் வேண்டும், பணத்தோடு வரும் விதியும் வேண்டாம் என்ற இடத்துக்கு வாதம் வந்து நிற்கிறது.

மறுதரப்பின் வாதங்கள்

மறுதரப்புக்கு வலுவான வாதங்கள் உண்டு. முதலாவது, இரட்டைச் செலவு. சமயப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் ஏழைப் பெற்றோர் வரியும் கட்டி, கட்டணமும் கட்டுகிறார்கள். உண்மை. ஆனால் பொதுப்பள்ளிக்கான வரி, நம் பிள்ளை படிப்பதற்காக மட்டும் நாம் கொடுக்கும் கட்டணம் அல்ல. பிள்ளை இல்லாதவரும் அதைக் கட்டுகிறார். படித்த சமுதாயத்தில் வாழ்வதற்காக எல்லோரும் கட்டுகிறோம்.

இரண்டாவது, சமயம் நீங்கிய பள்ளியே ஒரு தனிச் சமயத்தைப் போதிக்கிறது என்ற வாதம். கடவுளைப் பற்றிப் பேசாதிருப்பதே கடவுள் இல்லை என்று சொல்வதாகும் என்கிறார்கள். எனக்கு இது ஏற்புடையதல்ல. பொதுப்பள்ளியில் ஒரு பிள்ளை தனக்குள் ஜெபிப்பதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. சமயங்களின் வரலாற்றைப் பாடமாகப் படிப்பதையும் தடுக்கவில்லை. 1963 தீர்ப்பே அதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. ஆசிரியர் அரசின் பெயரால் ஜெபத்தை நடத்தக் கூடாது என்பதுதான் விதி.

மூன்றாவது, மற்ற சனநாயக நாடுகள் கொடுக்கின்றனவே என்பது. நெதர்லாந்து 1917இல் சமயப் பள்ளிகளுக்கும் பொதுப்பள்ளிகளுக்கும் சமமான பணம் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. சரிதான். ஆனால் அங்கே பாடத்தின் தரத்தை அரசு வகுக்கிறது, அரசின் ஆய்வாளர்கள் எல்லாப் பள்ளிகளுக்கும் வருகிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 1867இன் அரசியல் உடன்பாட்டின்படி கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு மட்டும் முழுப் பணம் கொடுத்தது. யூதப் பெற்றோர் ஒருவர் கேட்டபோது இல்லை என்றது. இது பாகுபாடு என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 1999இல் கண்டித்தது. கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், விதியோடு கொடுக்க வேண்டும் என்பதே இந்த இரு நாடுகளின் பாடம்.

நம் அரசியலமைப்பின் வழி

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர், கிறித்தவ மிஷன்களோ இந்து அறக்கட்டளைகளோ முஸ்லிம் கல்விச் சங்கங்களோ நடத்திய அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்தவர்களாக இருப்பீர்கள். ஆசிரியர் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வரும், நிர்வாகம் அறக்கட்டளையிடம். 1854இல் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி ஆவணம் தொடங்கி வைத்த மானிய முறையின் தொடர்ச்சி இது. அமெரிக்கச் சுவர் நம் நாட்டில் எழுப்பப்படவில்லை.

நம் அரசியலமைப்பு வேறு வழியைத் தேர்ந்தது. 28ஆம் பிரிவின்படி, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது. அரசு உதவிபெறும் நிறுவனத்தில், தன் சம்மதமோ, வயது வராத பிள்ளையானால் காப்பாளரின் சம்மதமோ இல்லாமல் யாரும் சமய வகுப்பிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வேண்டியதில்லை. 29ஆம் பிரிவின்படி, அரசு உதவிபெறும் நிறுவனம் மதம், இனம், சாதி, மொழி என்ற காரணத்தை மட்டும் காட்டி ஒரு குடிமகனுக்கு இடம் மறுக்கக் கூடாது. 30ஆம் பிரிவு, சிறுபான்மையினர் நடத்துகிறார்கள் என்பதற்காக உதவியை மறுக்கக் கூடாது என்கிறது. பணம் கொடு, பாகுபாடு இல்லாமல் கொடு. வாங்குகிறவர் பிள்ளையின் மனச்சாட்சியைத் தொடாதிருக்கட்டும், கதவைச் சாத்தாதிருக்கட்டும் என்பதே இதன் பொருள். நடைமுறையில் நாம் இதை முழுமையாகக் காப்பாற்றவில்லை. ஆனாலும் எழுதிவைத்த கொள்கை தெளிவானது. எலியட் பள்ளியின் சிறுவனுக்கு இப்படியொரு பிரிவு இருந்திருந்தால் அவன் கைகள் தப்பியிருக்கும்.

முடிவாகச் சில சொற்கள்

அமெரிக்கர்கள் இனி பழைய சுவருக்கு அப்படியே திரும்ப முடியும் என்று நான் நினைக்கவில்லை. 2025 ஜூலையில் மத்திய அரசே, பள்ளிக் கட்டண உதவித்தொகை அமைப்புகளுக்கு நன்கொடை கொடுப்பவருக்கு 1,700 டாலர் வரை வரிச்சலுகை தரும் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. 2027 முதல் நடைமுறைக்கு வருகிறது. மக்களின் குரல் வேறாகவும் இருக்கிறது. 2024 நவம்பரில் கென்டக்கியிலும் நெப்ராஸ்காவிலும் வாக்காளர்கள் தனியார் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் போவதை எதிர்த்து வாக்களித்தார்கள். வாதம் நீதிமன்றத்தோடு முடியப்போவதில்லை.

எந்த நாட்டில் இந்தக் கேள்வி எழுந்தாலும் மூன்று காரியங்களைக் கேளுங்கள் என்று இங்குள்ள மாணவர்களையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பணத்தை வாங்கும் பள்ளி எந்தக் குழந்தையையும் சேர்த்துக்கொள்ளுமா? விருப்பமில்லாத பிள்ளையை வழிபாட்டிலிருந்து விலகியிருக்க விடுமா? தன் கணக்கையும் பாடத்தையும் பொது ஆய்வுக்குத் திறந்து வைக்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால், அந்தப் பள்ளியின் சுவரில் எந்தச் சமயத்தின் சின்னம் இருந்தாலும் உதவி செய்வதை நான் எதிர்க்க மாட்டேன். ஒன்றுக்கு இல்லை என்றாலும், அந்தப் பள்ளி தன் பக்தர்களின் காணிக்கையில் நடக்கட்டும், கௌரவமாக நடக்கட்டும். ஊரார் வரியில் நடக்க வேண்டாம்.

அதற்கும் முன்பாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பொதுப்பள்ளியை எந்தப் பெற்றோரும் மனமுவந்து தேடி வரும் பள்ளியாக ஆக்குங்கள். கிளீவ்லாந்தின் தாய்மார்கள் ஓடியது பொதுப்பள்ளி தங்களைக் கைவிட்டதால். நல்ல ஆசிரியரும் சுத்தமான கழிப்பறையும் நூலகமும் உள்ள பொதுப்பள்ளி ஒவ்வொரு ஊரிலும் இருந்தால், இந்த வழக்குகளில் பாதி எழவே எழாது. நம் ஊர்ப் பள்ளியிலிருந்து அந்த வேலையைத் தொடங்குவோம்.